விபத்தைத் தடுத்த காவலர்கள்

1868ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், லண்டன் மாநகரில் பார்லிமெண்டு மாளிகைக்கு அருகே ஒரு விளக்குத் தூண் நிறுவப்பெற்றது. ரயில்வே நிபுணராகிய ஜான் பீக் நைட் என்பவர் அதற்குத் திட்டம் வகுத்தவர். ரயில் பாதையிலுள்ள கைகாட்டி மரத்தைப் போலவே அதற்கும் கைகள் இருந்தன. இரவு வேளையில் சிவப்பும் பச்சையுமாக வாயு விளக்குகள் எரிந்தன. அந்நாளில் லண்டன் தெருக்களில் மோட்டார் வண்டி இல்லை. குதிரை வண்டிகளின் நெரிசலே மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. தூணின் அடியில் ஒரு போலீஸ்காரர் நின்று விளக்கை மாற்றி வந்தார். ஒரு மாதங்கூடச் செல்லவில்லை. 1869 ஜனவரித் தொடக்கத்தில் வாயு கசிந்து விளக்கு வெடித்தது. அதன் அருகில் நின்ற போலீஸ்காரர் காயமடைந்தார்.

நைட் அவர்களின் பெயரைச் சாலை வரலாறு கூறும் நூல்கள் யாவும் தவறாமல் குறிக்கின்றன. காயமுற்றவரைப் பற்றி எழுதும்போதோ, 'ஒரு போலீஸ்காரர்' என்ற அளவோடு பெரும்பாலான நூல்கள் நின்றுவிடுகின்றன. மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த 'ஒரு போலீஸ்காரரை'ப் பற்றியதே ஆகும்.

போலீஸார் என்றதும் நம் நினைவுக்கு வருவது யாது? கள்வனைத் துரத்திப் பிடிப்பவர், கலகத்தை அடக்குபவர், கொலைக்குத் துப்புத் துலக்குபவர். இவற்றுக்கு நாடு பதக்கம் வழங்குகிறது, வழங்கத்தான் வேண்டும். கள்வன் பிடிபட்டதற்குச் சாட்சி உண்டு. களவுபோன பொருள் திரும்பி வருகிறது. பத்திரிகைகளில் படம் வெளிவருகிறது. ஆனால் ஒரு நாற்சந்தியில் நேர இருந்த விபத்து நேராமல் போயிற்று என்றால், அதற்குச் சாட்சி எங்கே? உயிர் பிழைத்தவனுக்கே தான் பிழைத்த செய்தி தெரியாது. அவன் வழக்கம்போல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு உறங்குகிறான்.

இது ஏதோ சிறிய விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளால் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல் ஆகிறது. உலகம் முழுவதிலும் 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதற் காரணம் சாலை விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அந்த வயதினருக்குத்தான் நான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீதியில் நின்று கையை ஆட்டுவதோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணாமல், 'இதற்கு ஒரு வழி காண வேண்டுமே' என்று சிந்தித்த போலீஸார் சிலர் உண்டு. அவர்களில் சிலரை மட்டும் இங்கே நினைவுகூர்வோம்.

அமெரிக்காவில் சால்ட் லேக் நகரில் லெஸ்டர் வயர் என்ற போலீஸ் அதிகாரி இருந்தார். மழையிலும் பனியிலும் தம் தோழர்கள் நடுத்தெருவில் நின்று வாடுவதைக் கண்டு, 1912இல் மரத்தால் ஒரு பெட்டி செய்தார். மின்சார விளக்குகளைச் சிவப்புச் சாயத்திலும் பச்சைச் சாயத்திலும் தோய்த்து அதனுள் பொருத்தினார். கம்பம் ஒன்றின் உச்சியில் அப்பெட்டியை ஏற்றி, டிராம் வண்டிக்குச் செல்லும் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டார். பார்த்தவர்களுக்கு அது பறவைக் கூடு போலத் தோன்றியது. வயருடைய பறவைக் கூடு என்று பரிகாசம் செய்தார்கள். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை.

பின்னர் 1920இல் டெட்ராயிட் நகரத்துப் போலீஸ் அதிகாரி வில்லியம் பாட்ஸ் என்பவர், ரயில்வேயில் வழங்கிய மஞ்சள் விளக்கைச் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே சேர்த்து, நாற்புறமும் தெரியும் மூவர்ண விளக்கை அமைத்தார். நகர ஊழியராக இருந்தமையால் அவருக்கும் காப்புரிமை கிட்டவில்லை என்பர்.

மஞ்சள் விளக்கால் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. சிவப்பைக் கண்ட கண் மூளைக்குச் சொல்லி, மூளை காலுக்குச் சொல்லி, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு விநாடி கழிந்துவிடும். அதன்பிறகு, உலர்ந்த நல்ல சாலையிலேகூட வண்டி நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் வேண்டும். பச்சை திடீரென்று சிவப்பாக மாறினால், சந்திக்கு 20 மீட்டர் தொலைவில் வரும் ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நிற்க முடியாது. சட்டத்துக்குக் கீழ்ப்படிய மனிதனுக்கு அவகாசம் கொடுப்பதே மஞ்சள் விளக்கு. ஆயினும் நம் ஊர்களில் மஞ்சளைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுபவர்களே மிகுதி என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் கிளிண்டன் ரிக்ஸ் என்ற போலீஸ் அதிகாரி, பிற வண்டிக்கு வழிவிடுமாறு கூறும் பலகையை 1950இல் அந்நகரின் மிக மோசமான ஒரு சந்தியில் நட்டுவைத்தார். விளக்கும் இல்லாமல், முழுவதும் நிறுத்தும்படி கட்டளையும் இல்லாமல், 'நீ பொறு, அவன் போகட்டும்' என்று மட்டும் சொல்லும் பலகை அது. இன்று அந்தப் பலகை பல நாட்டுச் சாலைகளிலும் நிற்கிறது.

இவர்கள் செய்தது கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். இனிச் சொல்லப்போகும் இருவரும் செய்தது அதனினும் அரிது. இருவரும் இந்தியானா மாநிலப் போலீஸைச் சேர்ந்தவர்கள் என்பது வியப்புக்குரியது.

முதலாமவர் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன். 1912இல் போர்ட் வேன் என்னும் ஊரில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றுபோயிற்று. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது; கல்லூரிக்குச் செல்ல வசதி இல்லை. போட்டோப் படங்களைக் கழுவி அச்சிடும் தொழிலில் சேர்ந்தார். நிறங்களின் ஏற்றத்தாழ்வையும் ஒளியின் அளவையும் கணிக்கும் பழக்கம் அங்கே கைவந்தது. 1936இல் மாநிலப் போலீஸில் சேர்ந்து, நாளடைவில் காப்டனாக உயர்ந்து, அதன் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவரானார்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் கோர்ட்டில் நிறுத்தப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் தள்ளாடினான் என்று போலீஸார் சொல்வார்கள். கால் வலியால் நொண்டினேன் என்று அவன் சொல்வான். வாயில் நாற்றம் அடித்தது என்பார்கள். மருந்து சாப்பிட்டேன் என்பான். யாரை நம்புவது? குடித்தவன் தப்புவதும் நடக்கும். குடிக்காத நோயாளி தண்டனை பெறுவதும் நடக்கும். ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மை தெரியும். ஆனால் நள்ளிரவில் சாலையோரத்தில் டாக்டருக்கு எங்கே போவது?

இந்தியானா பல்கலைக் கழகத்து மருத்துவப் பேராசிரியர் ரோலா ஹார்கர் என்பவர், 1930களில் இதற்கொரு வழி கண்டிருந்தார். நம் நுரையீரலில் உள்ள நுண்ணிய காற்றறைகளை மெல்லிய ரத்தக் குழாய்கள் வலைபோல் சூழ்ந்துள்ளன. ரத்தத்தில் ஆல்கஹால் இருந்தால் அதில் ஒரு பகுதி ஆவியாகி அக்காற்றில் கலக்கிறது. ரத்தத்தில் கூடினால் மூச்சிலும் கூடும், குறைந்தால் குறையும். சோதனைக்கு உள்ளாகிறவரை ஒரு பலூனில் ஊதச் சொல்லி, அக்காற்றை ஊதா நிறமுள்ள பெர்மாங்கனேட் கரைசல் வழியே செலுத்தினார் ஹார்கர். நிறம் மாறுவதற்கு எவ்வளவு காற்றுத் தேவைப்பட்டது என்பதைக் கொண்டு ஆல்கஹாலைக் கணித்தார். கருவி சரியானதே. ஆனால் அதை இயக்க ரசாயனம் தெரிந்திருக்க வேண்டும். நிறுக்க வேண்டும், கணக்கிட வேண்டும். போலீஸ் நிலையத்தில் அது எளிதன்று. ஹார்கருக்குத் துணையாக வேலை செய்த போர்க்கன்ஸ்டைன் இத்தொல்லையை நன்கு உணர்ந்தார்.

1954இல் அவர் உருவாக்கியதுதான் 'பிரெத்தலைசர்' என்னும் மூச்சுச் சோதனைக் கருவி. அதன் அமைப்பு மிகவும் எளிது. ஊதுகிறவருடைய மூச்சின் இறுதிப் பகுதி மட்டும் ஒரு சிறு உருளையில் தங்குகிறது. வாயிலிருந்து வரும் முதற் காற்று பயனற்றது; நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் கடைசிக் காற்றே உண்மை பேசும். அந்தக் காற்று, கந்தக அமிலத்தில் கரைத்த பொட்டாசியம் டைக்ரோமேட் என்ற மஞ்சள் கரைசலின் வழியே குமிழியிட்டுச் செல்கிறது. ஆல்கஹால் இருந்தால் மஞ்சள் வெளிறும். எவ்வளவு வெளிறிற்று என்று கண்ணால் மதிப்பிட்டால் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே, அதே கரைசல் கொண்ட இன்னொரு சிமிழைப் பக்கத்தில் வைத்து, நடுவே ஒரு விளக்கை ஏற்றி, இரண்டின் வழியாகவும் ஊடுருவிவரும் ஒளியை ஒளி மின்கலங்களால் ஒப்பிடும்படி செய்தார். ஊசி காட்டும் எண்ணே விடை. படம் கழுவும் அறையில் கற்ற பாடம் இங்கே பலன் தந்தது என்று நான் எண்ணிக்கொள்வது உண்டு.

இக்கணக்குக்கு அடிப்படை ஒரு விகிதம்: 2,100 கன சென்டிமீட்டர் ஆழ்மூச்சில் உள்ள ஆல்கஹால், ஒரு கன சென்டிமீட்டர் ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலுக்குச் சமம் என்று கொண்டார்கள். இவ்விகிதம் ஆளுக்கு ஆள் சற்று மாறுபடும். இன்றைய கருவிகளில் டைக்ரோமேட் இல்லை. மின்வேதிக் கலமோ அகச்சிவப்புக் கதிரோ அவ்வேலையைச் செய்கிறது. ஆனால் ஆழ்மூச்சிலிருந்து ரத்தத்தின் நிலையைப் படிக்கும் முறை அதுவேதான்.

கருவி செய்ததோடு அவர் நின்றிருந்தால் அவரைக் கைவினைஞர் என்று பாராட்டலாம். அடுத்து அவர் எழுப்பிய கேள்விதான் அவரை அறிஞராக்கியது. எவ்வளவு குடித்தால் ஆபத்து? 1939இல் இந்தியானா மாநிலம் இயற்றிய சட்டம், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 150 மில்லிகிராம் ஆல்கஹாலை எல்லையாகக் கொண்டிருந்தது. விபத்துக்கு உள்ளானவர்களில் இத்தனை பேர் குடித்திருந்தார்கள் என்று பலரும் கணக்குச் சொன்னார்கள். அது போதாது என்றார் இவர். விபத்தில் சிக்காமல் ஓட்டிச் சென்றவர்களிலும் குடித்தவர்கள் இருப்பார்கள் அன்றோ? அவர்களையும் எண்ணிப் பார்க்காமல் குடியின் மேல் குற்றம் சுமத்தினால் அறிவுடையோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே 1962, 1963 ஆண்டுகளில், மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். விபத்துக்கு உள்ளான ஓட்டுநர்கள் சுமார் ஆறாயிரம் பேரின் மூச்சைச் சோதித்தார். அதோடு, விபத்து நேரும் இடங்களிலும் நேரங்களிலும், எந்த விபத்திலும் படாமல் தம் வழியே சென்ற ஓட்டுநர்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களை நிறுத்தி, இணங்கியவர்களின் மூச்சையும் சோதித்தார். 1964இல் முடிவு வெளியாயிற்று. 40 மில்லிகிராமைத் தாண்டியதும் ஆபத்து ஏறத் தொடங்குகிறது. 100 மில்லிகிராமில் ஆறேழு மடங்காகிறது. 150இல் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்காகிறது. சட்டம் 'இதுவரை குற்றமில்லை' என்று வரைந்திருந்த கோடு, இருபத்தைந்து மடங்கு ஆபத்தின் மேல் கிடந்தது! அதன் பிறகே பல நாடுகளில் கோடு கீழே இறங்கிற்று. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம், 1988, அதன் 185ஆம் பிரிவில், 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்று எல்லை வகுத்திருக்கிறது.

கல்லூரிக்குப் போக இயலாத அம்மனிதர், வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1958இல் தமது நாற்பத்தாறாம் வயதில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் போலீஸ் வேலையிலிருந்து விலகி, இந்தியானா பல்கலைக் கழகத்தின் போலீஸ் நிர்வாகத் துறைக்குத் தலைவரானார். 2002இல் மறைந்த அவர் பெயரால் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் கழகம் ஒரு விருதை வழங்கி வருகிறது. அவரைப் பொறுத்தவரை உலகம் நன்றி மறக்கவில்லை.

இரண்டாமவருக்கு அத்தகைய புகழ் இல்லை. எல்மர் பால் என்ற ஸார்ஜண்டு அவர். விபத்து நடந்த இடத்துக்குப் போலீஸார் போனால் என்ன செய்வார்கள்? யார் பேரில் தவறு என்று விசாரிப்பார்கள். எந்த வண்டி எந்தப் பக்கம் வந்தது, வேகம் என்ன, சக்கரத் தடம் எங்கே என்று எழுதிக்கொள்வார்கள். வழக்குக்கு அது வேண்டும். எல்மர் பால் வேறொரு கேள்வியைக் கேட்டார்: இந்த மனிதனைக் கொன்றது எது? எதிரே வந்த லாரி என்று நாம் சொல்வோம். இல்லை, லாரி இவனுடைய காரைத்தான் மோதியது. கார் சட்டென்று நின்றது, இவன் நிற்கவில்லை. காருக்கு இருந்த வேகம் முழுவதோடும் முன்னே பாய்ந்து, ஸ்டீரிங் தண்டு நெஞ்சில் குத்தியும், முன்பலகை தலையில் இடித்தும், கதவு திறந்துகொண்டதால் வெளியே எறியப்பட்டும் இறந்தான். முதல் மோதல் வண்டிக்கும் வண்டிக்கும். இரண்டாம் மோதல் மனிதனுக்கும் அவனுடைய சொந்த வண்டிக்கும். கொல்வது பெரும்பாலும் இரண்டாவதே.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் பெரிய வேகமாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் அந்த வேகத்தில் சுவரில் மோதுவதும், பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, தரையில் விழுவதும் ஒன்றே.

இதே எண்ணம் கொண்ட இன்னொருவர் ஹியூ டிஹேவன். 1917இல் விமானம் ஓட்டப் பழகும் இளைஞராக இருந்தபோது, நடுவானில் இரு விமானங்கள் மோதின. அவர் விழுந்தும் பிழைத்தார். தம் வயிற்றுக் காயங்களுக்குக் காரணம் இடுப்புப் பட்டையின் கொக்கியே என்று பிற்பாடு அறிந்தார். கண்ணாடிச் சாமானை வைக்கோலில் பொதிந்து அனுப்புகிறோமே, மனிதனை ஏன் அவ்வாறு அனுப்பக்கூடாது என்பது அவர் கேள்வி. முட்டைகளை உயரத்திலிருந்து ரப்பர் மெத்தை மேல் போட்டுச் சோதித்துப் பார்த்தார். 50 அடி முதல் 150 அடி வரை உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்த மனிதர்களைப் பற்றி 1942இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். கார்னெல் பல்கலைக் கழகத்தில் அவர் நடத்திய ஆராய்ச்சி விமானங்களைப் பற்றியதாகவே முதலில் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்தியானா போலீஸாரின் குறிப்புகளும் அவருடைய ஆராய்ச்சியும் ஒன்று சேர்ந்தன. பின்னர் வேறு பல மாநிலங்களின் போலீஸாரும் சேர்ந்துகொண்டார்கள். விபத்து நடந்த இடத்தில் போலீஸார் படம் எடுத்து ஒரு படிவத்தை நிரப்புவார்கள். மருத்துவமனையில் டாக்டர் இன்னொரு படிவத்தை நிரப்புவார். இரண்டும் கார்னெலுக்குப் போகும்.

அக்காலத்தில் ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. கார் மோதும்போது வெளியே தூக்கி எறியப்பட்டால் தப்பிவிடலாம், உள்ளே சிக்கினால்தான் சாவு என்று படித்தவர்களும் சொல்லிவந்தார்கள். போலீஸார் நிரப்பிய படிவங்கள் அதைப் பொய்யாக்கின. எறியப்பட்டவர்களே பன்மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். கதவின் பூட்டு மோதலில் தெறித்துத் திறந்துகொள்வதுதான் கேடு என்று தெரிந்தது. 1956ஆம் ஆண்டுக் கார்களில் அமெரிக்கக் கம்பெனிகள் உறுதியான கதவுப் பூட்டைப் பொருத்தின. ஓட்டுநர் நெஞ்சில் குத்தாதபடி நடுவே குழிந்த ஸ்டீரிங் சக்கரமும் அதே ஆண்டில் போர்டு வண்டிகளில் வந்தது. 1959இல் ஸ்வீடன் தேசத்து நில்ஸ் போலின் மூன்று முனைப் பட்டையை வால்வோ காருக்காக அமைத்தார். இன்று நாம் காரில் ஏறி மாட்டிக்கொள்ளும் பட்டை அதுதான். அதை மாட்டிக்கொள்ளாமல் முதுகுக்குப் பின்னே செருகிவைத்து எச்சரிக்கை ஒலியை ஏமாற்றுகிற கெட்டிக்காரர்களும் நம்மிடையே உண்டு.

இத்தகைய காவலர்களைக் கௌரவிக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. எப்படிக் கௌரவிப்பது என்பதில்தான் சிக்கல். மிகுதியாக அபராதம் விதித்தவருக்குப் பரிசு என்றால், மரத்தின் பின்னே ஒளிந்து நின்று வண்டியைப் பிடிப்பதே தொழிலாகிவிடும். எல்லாரும் காணும்படி வளைவில் நின்று வேகத்தைத் தணிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. விபத்து குறைந்த நிலையத்துக்குப் பரிசு என்றால், நடந்த விபத்தைப் பதிவு செய்யாமல் விடும் ஆசை தோன்றக்கூடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கணிதம் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு சந்தியில் வழக்கமாக ஆண்டுக்கு ஐந்து விபத்து நடக்கிறது. ஓர் ஆண்டு தற்செயலாகப் பத்து ஆகிறது. எல்லாரும் பதறி அங்கே ஒரு காவலரை நிறுத்துகிறார்கள். மறு ஆண்டு ஐந்து. காவலர் பாதியாகக் குறைத்துவிட்டார் என்று மாலை போடுகிறோம். ஆனால் யாரையும் நிறுத்தாவிட்டாலும் ஐந்தாகத்தான் இருந்திருக்கும்! அதனால் முன்னே மூன்று நான்கு ஆண்டு, பின்னே மூன்று நான்கு ஆண்டு என்று எடுத்து, அதைப் போன்ற வேறொரு சந்தியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கிராண்ட் ராபிட்ஸில் போர்க்கன்ஸ்டைன் செய்ததும் இந்த ஒப்பீடே அன்றோ? அவ்வாறு பார்த்துத் தகுதி கண்டால், அந்தக் காவலருக்கு வீரப் பதக்கம் பெற்றவருக்கு நிகரான மரியாதை தரலாம் என்பது என் கருத்து. ஒருவேளை சற்றுக் கூடுதலாகவே தரலாம். ஏனெனில் அவர் பல ஆண்டுகள் யாரும் பாராட்டாமலே வெயிலில் நின்றிருப்பார்.

எல்மர் பாலுடைய படிவம் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி, 2021 முதல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முதலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத் தொகுப்பு அது. விபத்து நடந்த இடத்துக்குச் செல்லும் போலீஸ்காரர் தம் கைப்பேசியிலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, விவரங்களை நிரப்புகிறார். அதே தொகுப்பில் சாலைத் துறையினரும் மருத்துவமனையினரும் தங்கள் பகுதியைச் சேர்க்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில், நொறுங்கிய வண்டியின் பக்கத்தில் நின்று, தலைக்கவசம் இருந்ததா, பட்டை மாட்டியிருந்ததா, தெரு விளக்கு எரிந்ததா என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்கும் காவலரை நீங்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியே என்றாவது காணக்கூடும்.